யாருக்கும் தெரியாமல் முடி நட்டுக்கொள்ள எந்த டாக்டரிடம் போவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. வயது 31. முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, உச்சிச் சுழியிலும் முடி மெலிய ஆரம்பித்திருக்கிறது. எட்டு மாதத்தில் கல்யாணம். ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள், ஆனால் அலுவலகத்திலும் சொந்தபந்தத்திலும் யாருக்கும் தெரியக்கூடாது. விளம்பரங்களைப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது. நல்ல சர்ஜனை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் தோல் மருத்துவர். இருபது வருடத்துக்கு மேலாக மதுரையில் பார்க்கிறேன். முடி நடும் அறுவை நான் செய்வதில்லை. செய்துகொள்ளலாமா என்று கேட்டு வருகிறவர்களையும், செய்துகொண்டபின் சரியில்லை என்று வருகிறவர்களையும் பார்க்கிறேன். பின்னால் சொன்னவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிலில் பெரும்பகுதி.

'தெரியக்கூடாது' என்பதில் இரண்டு காலம் இருக்கிறது தம்பி. ஒன்று, அறுவை முடிந்து பொருக்கு உதிரும் வரையிலான பத்துப் பன்னிரண்டு நாள். அதை லீவு போட்டுச் சமாளித்துவிடலாம். இன்னொன்று, அதற்குப் பிறகு வரும் இருபது வருடம். நெற்றிக் கோடு இயற்கையாக இருக்கிறதா, பின்மண்டையில் முடி எடுத்த இடம் காட்டிக்கொடுக்கிறதா, நாற்பத்தைந்து வயதில் அந்தக் கோடு முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதெல்லாம் அந்த ஒரே நாளில், சர்ஜன் கையில் முடிவாகிவிடும். கிளினிக்குகள் பேசுவது முதல் பத்து நாளைப் பற்றி. நீங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இருபது வருடத்தை வைத்து.

சென்ற வருடம் ஒரு பையன் வந்தார், 27 வயது. உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகுதான் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. புருவத்துக்கும் முடிக்கும் நடுவில் மூன்று விரல் வைக்கக்கூட இடமில்லை. கோட்டின் முதல் வரிசையிலேயே ஒவ்வொரு துளையிலிருந்தும் மூன்று மூன்று முடியாகக் குச்சி குச்சியாக நின்றது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் அவருடைய சொந்த முடி அதன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போயிருந்ததால், நட்ட முடி ஒரு தீவு மாதிரி தனியே நின்றது. திரும்பச் சொன்னேன். பின்மண்டை பூச்சி அரித்த துணி போல இருந்தது. ஒரே நாளில் 4,500 கிராஃப்ட் (வேரோடு எடுக்கும் சிறு முடிக்கொத்து, ஒன்றில் ஒன்றிலிருந்து மூன்று நாலு முடி வரை இருக்கும்) எடுத்ததாகச் சொன்னார். டாக்டர் வந்து பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனவர், பிறகு அன்று முழுக்க அந்த அறைக்குள் வரவில்லையாம். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் செய்துகொண்டார். முதலில் கண்டுபிடித்தது முடிவெட்டுகிறவர்தான். "பின்னாடி என்ன சார், இப்படித் திட்டுத் திட்டா இருக்கு?" என்று கடையில் நாலு பேர் காதுபடக் கேட்டிருக்கிறார். அதன்பிறகு அந்தப் பையன் ஆறு மாதமாக முடிவெட்டவே போகவில்லை.

இதில் முன்னால் இருப்பதை ஓரளவு சரிசெய்யலாம். தப்பாக நட்டதை எடுத்துவிட்டு, ஒற்றை முடிக் கிராஃப்ட்களை முன்வரிசையில் வைத்து மறைக்கலாம். ஆனால் அதற்கும் பின்னால் இருந்துதான் முடி எடுக்க வேண்டும், அவருக்கு அங்கே மிச்சம் இல்லை.

இந்த 'மிச்சம்' என்பதைப் புரிந்துகொண்டால் நல்ல சர்ஜனை அடையாளம் காண்பதில் பாதி முடிந்தது. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில், டிஎச்டி என்ற ஹார்மோனுக்கு நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் பலியாகிச் சுருங்குகின்றன. பின்மண்டையிலும் காதுக்கு மேலும் இருப்பவை தாக்குப்பிடிக்கின்றன. அந்த மயிர்க்காலை எடுத்து முன்னால் நட்டாலும் அது தன் பழைய குணத்தோடேயே வளரும். 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் இதைக் காட்டியதிலிருந்துதான் இந்தச் சிகிச்சையே வந்தது. ஆனால் புதிதாக ஒரு முடியும் உண்டாவதில்லை. பின்னால் இருப்பதை முன்னால் வைக்கிறோம், அவ்வளவுதான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். முன்நெற்றிப் பகுதி பத்து சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்றால் 50 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் வைத்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். நம் நிறத் தோலும் கறுப்பு முடியும் வெள்ளைக்காரர்களுக்கு இருப்பது போல் பளிச்சென்று வேறுபட்டுத் தெரியாது என்பதால், நமக்கு இதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் போதும். ஆக 2,000 கிராஃப்ட். பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம்தான். அதற்குள் நாற்பது வயதில் உச்சி கேட்கும், ஐம்பதில் நடுமண்டை கேட்கும். முதல் நாளே 4,500 எடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்து நடுவது?

அதனால் உங்களிடம் நிறைய எண்ணிக்கை சொல்கிறவரைவிட, குறைத்துச் சொல்கிறவரை நம்புங்கள். உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல சர்ஜன் பெரும்பாலும் "முன்னால் மட்டும் செய்வோம், உச்சியை இப்போது தொட வேண்டாம், மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்றுதான் சொல்வார். நெற்றிக் கோட்டைப் பதினெட்டு வயதில் இருந்த இடத்துக்கு இறக்கச் சொன்னால் மறுப்பார். பொதுவாகப் புருவத்துக்கு மேல் நாலு விரற்கடை விட்டுத்தான் கோடு ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பக்க மூலையிலும் கொஞ்சம் ஏற்றத்தை அப்படியே விடுவார், ஏனென்றால் வளர்ந்த ஆணின் நெற்றி அப்படித்தான் இருக்கும். உங்கள் அப்பா, பெரியப்பா, தாய்மாமா தலையெல்லாம் எப்படி என்று கேட்பார். கேட்கவில்லை என்றால் அவர் இன்றைய உங்களை மட்டும்தான் பார்க்கிறார்.

உள்ளே போனதும் உங்களோடு முதலில் உட்கார்ந்து பேசுவது யார் என்று கவனியுங்கள். பல இடங்களில் கவுன்சிலர் என்று ஒருவர் கால்குலேட்டரோடு வருவார். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "3,500 கிராஃப்ட் ஆகும் சார், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி, இஎம்ஐ உண்டு" என்பார். அந்த இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்காகப் பார்க்கிற டாக்டர் முதலில் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியைத் தலையில் வைத்து, முன்னால், உச்சியில், பின்னால் என்று மூன்று இடத்திலும் பார்ப்பார். பின்மண்டை முடியே மெலிந்துகொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நட்டாலும் நிற்காது. லைக்கன் பிளானோபைலாரிஸ் என்று தலைத்தோலைத் தழும்பாக்கும் ஒரு நோய் உண்டு. பார்க்கச் சாதாரண வழுக்கை போலவே இருக்கும், அதில் நட்டால் நட்டதும் போகும். புழுவெட்டு, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு இதையெல்லாம் ஒதுக்கிய பிறகுதான் கத்தியைப் பற்றிய பேச்சே வர வேண்டும்.

அடுத்து படிப்பு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி உள்ள, பதிவு பெற்ற மருத்துவர்தான் முடி நடும் அறுவை செய்ய வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் மருத்துவம் ஆகியவற்றின் மேற்படிப்பில் அதற்கான பயிற்சி இருக்கிறது. பயிற்சிப் பட்டறையில் உட்கார்ந்து பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'டிரைக்காலஜிஸ்ட்', 'காஸ்மெடாலஜிஸ்ட்' என்று போட்டிருந்தால் அது எந்த மருத்துவப் பட்டத்துக்கும் ஈடில்லை. எம்.டி. தோல் மருத்துவம், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அவற்றுக்குச் சமமான டிஎன்பி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணை வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. பட்டம் இருப்பதாலேயே கை நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன், நானும் அதே பட்டம் வாங்கியவன்தான், இந்த அறுவையைத் தொடுவதில்லை. ஆனால் பட்டமே இல்லாதவரிடம் தலையைக் கொடுக்கக் கூடாது.

2016-ல் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி நடப் போய் இறந்துபோனார். மயக்க மருந்துக்குப் பிறகு உடல்நிலை மோசமாகி, வேலூர் வரை கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவம் படிக்கிற பையனே ஏமாந்துபோனார் என்பது இன்னமும் எனக்கு மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒழுங்கான இடத்தில் செய்தால் உயிருக்கு ஆபத்து மிக மிக அபூர்வம். ஆனால் மரத்துப்போக ஊசி மூலம் போடும் லிக்னோகெய்ன் மருந்துக்கு அளவு உண்டு. ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலின் சேர்த்துப் போட்டால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை, அது இல்லாமல் 4.5 வரை என்பது நாங்கள் படித்த கணக்கு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று இழுத்துக்கொண்டு போகும்போது மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள், யாராவது ஒருவர் அதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அளவு மீறினால் முதலில் உதடும் நாக்கும் சுரீரென்று மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும், பிறகு வலிப்பு, அப்புறம் இதயம். ஆகவே இதைக் கேளுங்கள்: மருந்தின் அளவை எழுதி வைப்பது யார்? ஆக்சிஜன், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர், இந்த விஷமுறிவுக்குப் போடும் லிப்பிட் எமல்ஷன் எல்லாம் அந்த அறையிலேயே இருக்கிறதா? ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டுவார். பிரஷருக்கு, படபடப்புக்கு என்று நீங்கள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளுக்கும் அட்ரினலினுக்கும் ஆகாது.

அன்றைக்கு யார் எதைச் செய்வார்கள் என்பது அடுத்த கேள்வி. வேலையில் நாலு கட்டம் உண்டு: மரக்க வைப்பது, பின்னால் இருந்து எடுப்பது, முன்னால் துளை போடுவது, அந்தத் துளையில் கிராஃப்டைச் செருகுவது. கடைசிக் கட்டத்தைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் டாக்டர் மேற்பார்வையில் செய்வது உலகம் முழுக்க நடப்பதுதான், அதில் தப்பில்லை. துளை போடுவது மட்டும் கட்டாயம் சர்ஜனாக இருக்க வேண்டும். முடி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும், எவ்வளவு நெருக்கமாக இருக்கும், சுழி எப்படிச் சுழலும் என்பதெல்லாம் அந்தத் துளையில்தான் இருக்கிறது. நெற்றி முடி முன்னோக்கிப் படுத்தாற்போல் வளரும். அந்தச் சாய்வு தப்பினால் நட்டநடுவே துடைப்பக் குச்சி மாதிரி எழுந்து நிற்கும், எந்தச் சீப்புக்கும் படியாது. எடுப்பதும் அவரே செய்தால் நல்லது. பஞ்ச் ஊசி கொஞ்சம் கோணினால் மயிர்க்கால் நடுவில் வெட்டுப்பட்டு வீணாகும். நல்ல கையில் அந்தச் சேதாரம் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்வீர்கள் டாக்டர்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர் என்றால் சரி. நாலு அறையில் நாலு பேர் என்றால் அவர் எந்த அறையிலும் முழுதாக இருக்கப்போவதில்லை.

கருவியின் பெயரைச் சொல்லி மயக்குவார்கள். டிஎச்ஐ, சஃபையர், ரோபோ என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று வரும். டிஎச்ஐ என்பது பேனா போன்ற கருவியால் செருகுவது, சஃபையர் என்பது துளை போடும் கத்தியின் முனை. இவற்றால் பெரிய வித்தியாசம் எதுவும் வந்துவிடாது. 'தழும்பே இருக்காது', 'வாழ்நாள் கேரண்டி' என்று எழுதிக் கொடுக்கிறவர்களிடம் போக வேண்டாம். தோலைத் துளைத்தால் தழும்பு உண்டு, சிறியதா பெரியதா என்பதுதான் பேச்சு.

எந்த முறை என்பதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது வராது. எஃப்யூடி முறையில் பின்மண்டையில் ஒரு பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்துவிடுவார்கள். தலையை மழிக்க வேண்டியதில்லை, மேலே இருக்கும் முடி அன்றைக்கே தையலை மூடிவிடும். ரகசியத்துக்கு முதல் பத்து நாளில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் காதிலிருந்து காது வரை ஒரு கோட்டுத் தழும்பு நிரந்தரமாக இருக்கும். பழனியிலோ திருப்பதியிலோ வேண்டுதலுக்கு, நாளைக்கு அப்பா அம்மா காரியத்துக்கு என்று மொட்டையடிக்க வேண்டிய நாள் நம் வீடுகளில் வரும். அன்றைக்கு மொத்தச் சொந்தமும் கூடியிருக்கும்போது அந்தக் கோடு தெரியும். உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்பதை யோசித்துவிட்டுத்தான் எஃப்யூடிக்குத் தலையாட்ட வேண்டும். எஃப்யூஇ முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக ஒவ்வொரு மயிர்க்காலாக எடுப்பார்கள். இதில் வெண்புள்ளிகள் சிதறலாக இருக்கும். நம் தோலில் மொட்டையடித்தால் உற்றுப்பார்க்கிறவர்களுக்குத் தெரியலாம், முடி கொஞ்சம் வளர்ந்ததும் மறைந்துவிடும். இடது தோளில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பு உங்களுக்குப் புடைத்து வளர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் இப்படிப் புடைக்கும் தழும்பு (கெலாய்ட்) வருவது அபூர்வம்தான், இருந்தாலும் கத்தியை எடுக்கும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

எஃப்யூஇக்குப் பொதுவாகப் பின்மண்டை முழுவதையும் ஒட்ட வெட்டச் சொல்வார்கள். மழிக்காமல் செய்யும் வழிகளும் உண்டு. பின்னால் ஒரு சன்னல் அளவு மட்டும் வெட்டி, மேல் முடியைப் படிய விட்டு மறைக்கலாம். எடுக்க வேண்டிய முடிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டும் எடுக்கலாம். வேலை மெதுவாக நடக்கும், செலவு கூடும், ஒரே நாளில் நிறைய எடுக்க முடியாது. எல்லா டாக்டருக்கும் இது கைவராது, ஆகவே இந்த முறையில் அந்த டாக்டரே செய்துவிட்ட ஆட்களின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு ஒரு வழியும் இருக்கிறது. என்னிடம் வந்தவர்களில் மூன்று பேர், உண்மையிலேயே பழனிக்கு வேண்டுதல் பாக்கி இருந்தவர்கள், முதலில் டாக்டரிடம் தலையைக் காட்டி அளவெடுத்துக்கொண்டு, மலையில் முடி இறக்கிவிட்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முளைத்ததும் அறுவைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது "பழனியா, திருப்பதியா?" என்ற கேள்வியோடு எல்லாம் முடிந்துவிட்டது.

படங்களைப் பார்க்கும்போது எண்ணெய் பூசி வாரிய முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். முடியை நனைத்து, பின்னால் வாரி, நெற்றிக் கோட்டுக்கு மிக அருகில் எடுத்த படம் கேளுங்கள். முதல் வரிசையில் ஒற்றை முடிகள் மட்டும், நெளிந்து, சற்றுச் சிதறி நிற்க வேண்டும். அதற்குப் பின்னால்தான் இரண்டு, மூன்று முடிக் கிராஃப்ட்கள். நம் முடி கறுத்துத் தடித்தது என்பதால் முன்வரிசையில் ஒரு மூன்று முடிக் கிராஃப்ட் வந்தாலும் கண்ணில் குத்தும். பின்மண்டைப் படமும் கேளுங்கள், ஒரு வருடம் கழித்து எடுத்ததாக.

ஆனால் அந்தப் படங்களை அவர் எப்படிக் காட்டுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் ரகசியம் இதில்தான் இருக்கிறது. "இவர் இன்ன பேங்க் மேனேஜர், நம்மிடம்தான் செய்தார்" என்று கைபேசியில் முழு முகத்தோடு ஒரு படத்தை நீட்டுகிறவர், நாளை அடுத்தவரிடம் உங்கள் படத்தை நீட்டுவார். கண்ணை மறைத்து, "இதற்கு எழுதி வாங்கியிருக்கிறேன்" என்று சொல்லிக் காட்டுகிறவரிடம் உங்கள் முகம் பத்திரமாக இருக்கும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளியின் அனுமதியில்லாமல் அடையாளம் தெரியும்படி படத்தை வெளியிடக்கூடாது. ஆனால் அறுவை நாள் காலையில் கையெழுத்துக்கு நீட்டும் காகிதக் கட்டில் 'கல்விக்கும் விளம்பரத்துக்கும் படங்களைப் பயன்படுத்தச் சம்மதம்' என்று ஒரு வரி இருக்கலாம். அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிகிச்சைக்கான பதிவுக்குப் படம் எடுப்பது வேறு, அது அவசியம். அதைக் கிளினிக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள், ஊழியர்களின் சொந்தக் கைபேசியில் வேண்டாம். அலுவலக மின்னஞ்சலையும் அலுவலக எண்ணையும் கொடுக்காதீர்கள்.

ரகசியம் வேண்டும் என்று சொன்னதும் சில இடங்களில் "பில் இல்லாமல் செய்துவிடலாம், வரியும் மிச்சம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரண மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அழகுக்காகச் செய்யும் முடி நடுதலுக்கு இல்லை. 18 சதவீதம் சேரும். சொல்லும் தொகை அதையும் சேர்த்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லை என்றால் நீங்கள் அங்கே போனதற்கே சான்று இல்லை, நாளை ஏதாவது கோளாறு என்றால் யாரையும் கேட்க முடியாது. வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பயப்படுகிறவர் புகார் கொடுக்கவும் போகமாட்டார் என்பதைத் தெரிந்துகொண்டே சிலர் இதைச் செய்கிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அழகுக்கான சிகிச்சை மருத்துவக் காப்பீட்டில் வராது என்பதால் கம்பெனி இன்ஷூரன்ஸ் வழியாக வெளியே தெரிய வாய்ப்பில்லை. பில்லோடு அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள்: மொத்தம் எத்தனை கிராஃப்ட், அதில் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மருந்து எவ்வளவு, செய்தது யார். கிராஃப்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கும் இடத்தில் 'முடி' கணக்கையும் 'கிராஃப்ட்' கணக்கையும் குழப்புவார்கள். ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டு முடி இருக்கும், ஆகவே 'நாலாயிரம் முடி' என்றால் இரண்டாயிரம் கிராஃப்ட்தான்.

ரகசியத்துக்காக வெகுதூரம் போக வேண்டுமா என்றால், ஒரு ராத்திரி ரயில் தூரம் போதும் என்பேன். இஸ்தான்புல் மலிவு என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நல்ல சர்ஜன்களும் உண்டு, டாக்டர் கண்ணிலேயே படாமல் டெக்னீஷியன்களே முடித்து அனுப்பும் இடங்களும் உண்டு. பத்தாவது நாள் ஒரு இடத்தில் சீழ் வைத்தால் யாரிடம் காட்டுவீர்கள்?

மறைக்க வேண்டிய நாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் நான்காம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமை வரை இறங்கலாம், பயப்பட வேண்டாம். பொருக்கு ஏழிலிருந்து பத்து நாளில் உதிரும். பன்னிரண்டு நாள் லீவு போதும். முதல் பத்துப் பதினைந்து நாள் ஹெல்மெட் போடவே கூடாது, அதனால் வண்டியும் ஓட்டக்கூடாது. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். எண்ணெய்க் குளியல் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். அறுவைக்குப் போகும்போது பட்டன் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், தலைவழியாகக் கழற்றும் பனியன் வேண்டாம்.

இனி உங்கள் கல்யாணத் தேதி. நட்ட முடி இரண்டிலிருந்து ஆறு வாரத்தில் உதிரும். வேர் உள்ளே இருக்கும், மேலே முடி மட்டும் போகும். பக்கத்தில் இருக்கும் சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். மூன்றாம் மாதம்தான் பார்க்க மோசமான மாதம். நாலாம் மாதத்துக்குப் பிறகு மெல்லிசாக முளைக்க ஆரம்பித்து, எட்டாம் மாதத்தில் பாதிக்கு மேல் தெரியும், முழுப் பலனுக்கு ஒரு வருடம் ஆகும். நீங்கள் இந்த மாதமே செய்துகொண்டால் முகூர்த்தத்துக்கு ஓரளவு கைகொடுக்கும். நிச்சயதார்த்தம் நடுவில் மூன்றாம் மாதத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரைத் தேட இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றால் அவசரப்படாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு செய்துகொள்ளலாம், அதுவரை மருந்தில் இருக்கலாம்.

மருந்து எப்படியும் தேவைப்படும். நட்ட முடி நிற்கும், சுற்றியிருக்கும் சொந்த முடி விழுந்துகொண்டேதான் இருக்கும். தலையில் தடவும் மினாக்ஸிடிலும், 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் மாத்திரையும்தான் அதற்கு முக்கியமானவை. ஃபினாஸ்டரைடில் சிறு சதவீதம் பேருக்குத் தாம்பத்திய ஆர்வமும் விறைப்பும் குறையும், சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறையும். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. புதிதாகக் கல்யாணமாகிக் குழந்தைக்கு முயற்சி செய்யும் வீட்டில் இந்த மாத்திரை இருந்தால், அது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அவருக்கு மட்டும் சொல்லுங்கள். மாத்திரையை ஆரம்பிப்பதா, தள்ளிப்போடுவதா என்று இரண்டு பேருமாக என்னைப் போன்ற ஒரு தோல் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அப்பாவும் தாய்மாமாவும் நாற்பது வயதில் இருந்த படம், உங்களுடைய ஐந்து வருடத்துக்கு முந்தைய படம், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் இவற்றை எடுத்துப் போங்கள். அன்றைக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டாமல் வந்துவிடுங்கள். இரண்டாவதாக ஒரு டாக்டரையும் பார்த்து, இருவரும் சொன்ன கிராஃப்ட் எண்ணிக்கையையும் நெற்றிக் கோட்டையும் ஒப்பிட்டபிறகு தேதி வாங்கிக்கொள்ளலாம்.